பேதி மருந்தைக் குடித்துவிட்டு கொழும்பு பஸ் ஏறச் சொல்லாதீர்கள்

கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும், மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், எங்கள் பெரியாஸ்பத்திரிகளை நடத்துகிறவர்களுக்கும்.

ஐயாமாரே, அம்மாமாரே,

கொழும்பில் உள்ளதெல்லாம் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்கிற மடல் இல்லை இது. அந்த வகை மடல்கள் உங்கள் மேசையில் நிறையவே கிடக்கும். நான் கேட்கப்போவது அதைவிடச் சின்னது, செலவும் குறைந்தது. ஆனால் செய்யாமல் விட்டால் ஆள் போய்விடும்.

உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் பெருங்குடலிலும் உள்பக்கம் முளைக்கிற வளர்ச்சிகளை, ஆரம்பத்திலேயே கண்டால், வயிற்றைத் திறக்காமல், வாய் வழியாகவோ மலவாசல் வழியாகவோ ஸ்கோப் என்கிற கமராக் குழாயை விட்டே எடுத்துவிடலாம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் வைத்தியம் படித்தவன் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஊர், சிங்களம் ஓரளவு வரும், ஆகவே ஊரில் யாருக்காவது மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ கொழும்பிலோ கிளினிக் என்றால் “நீங்களும் ஒருக்கா வாங்களேன்” என்று கேட்பார்கள், நானும் போவேன். வார்ட்டுக்கு வெளியே வாங்கில் இருந்து இருந்து, வருகிற போகிற டொக்டர்மாரிடமும் மிஸ்மாரிடமும் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்து தேடிப் படித்துச் சேர்த்த அறிவுதான் என்னிடம் இருப்பது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வயது போகப் போக சிலருக்குப் பெருங்குடலின் உள்சுவரில் சதை முளைக்கும். பொலிப் என்கிறார்கள். சிலது காளான் மாதிரி காம்போடு நிற்கும், சிலது சுவரோடு சுவராகப் படர்ந்து கிடக்கும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. ஆனால் பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பங்கு இப்படி ஒரு பொலிப்பில்தான் தொடங்குகிறது, அதுவும் ஒரே இரவில் இல்லை, பொதுவாகப் பத்து வருடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு. 1969 இல் நியூயோர்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வூல்ஃப் என்ற இரண்டு வைத்தியர்கள் ஸ்கோப்புக்குள்ளால் கம்பிச் சுருக்கு ஒன்றை விட்டு, பொலிப்பின் கழுத்தில் மாட்டி, மின்சாரத்தால் சுட்டு அறுத்து வெளியே எடுத்துக் காட்டினார்கள். அதற்கு முன்னர் குடலின் மேல்பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னப் பொலிப்புக்கும் வயிற்றைத்தான் திறக்கவேண்டியிருந்தது. அமெரிக்காவில் இப்படி எடுக்கப்பட்டவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து 2012 இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பெருங்குடல் புற்றுநோயால் இறப்பது பொதுச் சனத்தில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 53 வீதம் குறைந்திருந்தது.

தட்டையாகப் படர்ந்தது என்றால் வேலை கூட. அடியில் ஊசியால் உப்புநீரோ அதைவிடத் தடித்த ஒரு திரவமோ ஏற்றி, மேல்படையைத் தசையில் இருந்து எழுப்பிவிட்டு அறுப்பார்கள். இரண்டு சென்ரிமீற்றருக்கு மேலே போனால் சுருக்குக்குள் ஒரேயடியாக அகப்படாது, துண்டு துண்டாகத்தான் வரும். அதை ஒரே துண்டாக உரித்தெடுக்கும் வழியை 1990களில் ஜப்பான்காரர்தான் முதலில் இரைப்பைக்கென்று கண்டுபிடித்தார்கள். நுனியில் மின்சாரம் பாயும் சின்னக் கத்தியால் சுற்றிவர வெட்டி, அடியில் உள்ள படையை மில்லிமீற்றர் மில்லிமீற்றராகப் பிரித்துக்கொண்டு போவது. மணிக்கணக்கில் எடுக்கும், கை பழக வருடக்கணக்கில் எடுக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: கெட்டது மேல்படைக்குள்ளேயே நிற்கவேண்டும். ஆழ இறங்கிவிட்டால் நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கக்கூடும், பிறகு கமரா போதாது, ஒப்பரேசன்தான்.

இந்தக் கடைசி வகை, உரித்தெடுக்கும் வேலை, எங்கள் ஊரிலேயே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழகிய கை வேண்டும், எப்போதாவது ஒருதரம் செய்கிற இடத்தில் குடலில் ஓட்டை விழும் ஆபத்து கூட. அது கொழும்பில் நடக்கட்டும். வெட்டுவதற்கு முன்னாலும் வெட்டியதற்குப் பின்னாலும் உள்ள வேலை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும்தான் நடக்கவேண்டும். எங்கள் ஆட்கள் விடுபட்டுப் போவதும் அங்கேதான்.

முன்னால் என்று சொன்னதைப் பார்ப்போம். மலத்தோடு இரத்தம் போனால் எங்கள் சனம் என்ன செய்யும்? மூலம் என்பார்கள். உடம்புச் சூடு என்பார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார்கள், பாமசியில் ரியூப் ஒன்று வாங்கிப் பூசுவார்கள், கறியில் கொச்சிக்காயைக் குறைப்பார்கள். முஸ்லிம் ஊர் காத்தான்குடியானாலும் சரி, தமிழ் ஊர் களுவாஞ்சிக்குடியானாலும் சரி, இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் எல்லாரும் ஒரே இனம்! பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும் என்பதும் உண்மை, அதனால்தான் மிச்சப் பேர் ஏமாறுகிறார்கள். அப்புறம், கமரா விட்டுக் கிள்ளி எடுத்தால் புற்று கிளம்பிப் பரவிவிடும் என்ற பயம். இதைச் சொல்லாத வீடு நான் பார்த்ததில்லை. யாராவது முற்றிய நிலையில் போய், பயொப்சி எடுத்து, மூன்று மாதத்தில் இறந்துபோனால், கிள்ளியதால்தான் போனார் என்று ஊர் முடிவெடுத்துவிடும். நேரத்தோடு போய்ப் பொலிப் எடுத்துவிட்டு மறுகிழமை வயலுக்குப் போனவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அவரும் வெட்கத்தில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

சின்னப் பொலிப் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இரத்தமும் காட்டாது. அதற்கு ஒரு மலப் பரிசோதனை இருக்கிறது: சின்னக் குச்சியால் மலத்தில் சில இடத்தில் தொட்டு, போத்தலுக்குள் போட்டு மூடிக்கொடுப்பது. மனித இரத்தத்தை மட்டும் பிடிக்கும், ஆகவே முதல்நாள் மாட்டிறைச்சி சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கவும் தேவையில்லை. ஜப்பான் 1992 இல் இருந்து நாடு முழுக்க இதைச் செய்கிறது, இங்கிலாந்து 2019 இல் பழைய முறையை விட்டு இதற்கு மாறியது. எங்களிடம் இதற்கு ஒரு கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயது தாண்டியவர்களுக்கு பிறஷர், சீனி, நிறை பார்க்கிறீர்கள், வாயைத் திறக்கச் சொல்லி வெற்றிலைப் புண் இருக்கிறதா என்றும் பார்க்கிறீர்கள். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனை செய்கிறீர்கள். எவ்வளவு வெட்கப்பட்ட சங்கதி அது! மருத்துவமாதுமார் வீடு வீடாகப் போய்ப் பேசித்தான் அதைச் சாதித்தார்கள். ஐம்பது தாண்டிய ஒரு ஆணின் கையில் குச்சியும் போத்தலும் கொடுப்பது அதைவிடக் கஷ்டமா?

ஆனால் ஒன்று. போத்தலை மாகாணம் முழுக்க இறைத்துவிட்டு, இரத்தம் இருக்கிறது என்று வந்தவனிடம் “எட்டு மாதம் கழித்து வாங்க” என்று சொல்வதானால் தொடங்கவே வேண்டாம், அவனுடைய நித்திரையை மட்டும்தான் கெடுப்பீர்கள். ஒரு ஸ்கோப்பை ஒரு ஆளுக்கு விட்டபிறகு, கையால் தேய்த்துக் கழுவி, உள்குழாய்க்குள் தூரிகை விட்டு, கிருமிநீக்கியில் வைத்து, அலசிக் காயவைத்துத்தான் அடுத்த ஆளுக்கு எடுக்கவேண்டும். ஆகவே ஒரு நாளில் எத்தனை பேர் என்பதை டொக்டர் மட்டும் தீர்மானிப்பதில்லை, எத்தனை ஸ்கோப் இருக்கிறது, கழுவுவதற்குப் பழகிய ஆள் எத்தனை பேர் என்பதும் தீர்மானிக்கிறது. அதைக் கணக்குப் போட்டு, தாங்கக்கூடிய அளவுக்கு, ஒரேயொரு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவில் தொடங்குங்கள். இரத்தம் போகிறது, நிறை குறைகிறது, புதிதாக மலச்சிக்கல் என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்குப் போத்தல் கொடுக்காமல் நேரே கமராவுக்கு அனுப்புங்கள்.

உணவுக்குழாய்க்கு இந்தப் போத்தல் உதவாது. எங்கள் பக்கத்து வெற்றிலை, புகையிலை, சாராயக் கணக்கு உங்களுக்குத் தெரியும். இந்த நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய், உணவுக்குழாயும் முன்வரிசையில்தான் நிற்கிறது. வாயிலோ தொண்டையிலோ புற்று வந்தவருக்கு உணவுக்குழாயிலும் ஒன்று இருக்கும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். அப்படிப்பட்டவர்களுக்குக் கமரா விடும்போது அயடீன் கரைசலைத் தெளித்துப் பார்த்தால் நல்ல இடம் கபில நிறம் பிடிக்கும், கெட்ட இடம் நிறம் பிடிக்காமல் வெளிறி நிற்கும். அந்த நிலையில் கண்டால் உரித்தெடுக்கலாம். சோறு இறங்கவில்லை, தண்ணீர்தான் இறங்குகிறது என்று வருகிற நாளில் கண்டால் பெரும்பாலும் அந்தக் கட்டம் தாண்டியிருக்கும். அயடீன் என்ன பெரிய விலையா?

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

பெருங்குடலுக்குள் கமரா விட அது சுத்தமாக இருக்கவேண்டும். லீற்றர் கணக்கில் பேதி மருந்து குடிக்கவேண்டும், பாதியை முதல்நாள் பின்னேரம், மீதியை அன்று விடியச்சாமம் குடித்தால்தான் குடல் நன்றாகத் துப்புரவாகும். குடல் கலங்கிக் கிடந்தால் தட்டையாகப் படர்ந்தது கண்ணில் படவே படாது. சரி, கல்முனையில் இருந்து கொழும்புக்கு இராத்திரி பஸ் எடுக்கிறவர் இதை எங்கே வைத்துக் குடிப்பது? ஏழெட்டு மணித்தியாலம். பஸ்ஸுக்குள் கழிவறை இல்லை. இடையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்துவார்கள், அதுவும் அவர்கள் வைத்த நேரத்துக்கு. ரயிலில் கழிவறை உண்டு, ஆனால் தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. பொத்துவில்காரனும் அக்கரைப்பற்றுக்காரனும் ரயில் பிடிக்கவே ஒரு பஸ் ஏறவேண்டும்.

நான் கூட்டிப்போன ஒருவர், மேசன் வேலை செய்கிறவர், அறுபது வயதை ஒட்டியவர். முதல் பாதியை வீட்டில் குடித்துவிட்டு, பத்து மணிக்குப் பிறகுதான் ஏறினார், இரண்டு சாரமும் ஒரு பொலித்தீன் பையும் மடியில். இரண்டாவது பாதி கரைத்த போத்தல் காலுக்கடியில் உருண்டுகொண்டே வந்தது. விடியச்சாமம் நான் எடுத்து நீட்டினேன். “தம்பி, பஸ்ஸ நிப்பாட்டச் சொல்ல எனக்கு வாய் வராது, நான் குடிக்கல்ல” என்றார். அங்கே போனபின், உள்ளே கலங்கிக் கிடக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று பாதியில் நிறுத்தி வேறு திகதி போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாதியிலும் பிழை சொல்லமுடியாது, டொக்டரிலும் பிழை சொல்லமுடியாது. காலை எட்டு மணி என்று திகதி போட்டவருக்கு இந்த ஆள் எங்கிருந்து வருகிறார் என்று தெரியாது. தெரியப்படுத்தவேண்டியது யார்?

தூரத்து ஆளுக்கு முதல்நாளே அங்கே ஒரு கட்டில், அது இல்லையென்றால் போய்ச் சேர்ந்து மருந்தைக் குடித்து முடிக்க நேரம் இருக்கிற மாதிரி பின்னேரத் திகதி. இதற்குக் கட்டடம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். பிராந்தியப் பணிமனையில் இருந்து அந்த ஆஸ்பத்திரிகளுக்குப் போகவேண்டிய ஒரு கடிதமும், அனுப்புகிற தாளில் ஊரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும்தான்.

மாவட்டத்துக்குள்ளேயும் இதே கதைதான். வெல்லாவெளிப் பக்கம் இரவில் கக்கூசுக்குப் போவதற்கே ரோர்ச் அடித்து யானை நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிற வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டில் இருந்துகொண்டு விடியச்சாமம் நாலு மணிக்குப் பேதி மருந்து குடி என்றால் எந்தக் கிழவி குடிப்பாள்? அப்படிப்பட்டவர்களை முதல்நாள் பக்கத்து ஆதார வைத்தியசாலையில் மறித்து வைத்து, அங்கேயே குடிக்க வைத்து, காலையில் அம்புலன்ஸில் அனுப்புங்கள்.

சாப்பாட்டுத் தாளையும் திருத்துங்கள். நான் பார்த்த ஒன்றில் ஜெலி சாப்பிடலாம் என்று இருந்தது. எங்கள் வயல்காரன் ஜெலி சாப்பிட்டானா? இரண்டு மூன்று நாளைக்கு சிவப்பரிசிச் சோறு, குரக்கன், கீரை, பயறு, கொய்யாப்பழம் வேண்டாம் என்று எழுதுங்கள். வெள்ளையரிசிச் சோறு, மீன், முட்டை ஆகும் என்று எழுதுங்கள். முதல்நாள் பால் விடாத தேத்தண்ணி, இளநீர், வடித்த சூப். நெக்டோ மாதிரிச் சிவப்புச் சோடா குடித்தால் உள்ளே இரத்தம் மாதிரித் தெரியும் என்பதையும் சேருங்கள், பசிக்கு முதலில் அதைத்தான் வாங்குவார்கள். சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவரும் இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறவரும் தாமாக எதையும் நிறுத்தாமல் ஒரு கிழமைக்கு முன்பே வந்து கேட்கவேண்டும் என்பது பெரிய எழுத்தில் இருக்கட்டும். நோன்பு மாதத்தில் திகதி வந்தால் என்ன செய்வது என்றும் ஒரு வரி வேண்டும். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் அதற்காகவே திகதியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

கொழும்புக்கு அனுப்புவது பற்றி இன்னொன்று. அங்கே ஒரு டொக்டர் சலித்துக்கொண்டு சொன்னது இது. படர்ந்த வளர்ச்சி ஒன்றைக் கண்டு, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எடுக்க இயலாது என்று முடிவெடுத்துவிட்டால், அதைப் பல இடத்தில் கிள்ளவோ பாதி அறுத்துப் பார்க்கவோ கூடாதாம். கிள்ளிய இடம் தழும்பாகி அடித்தசையோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு திரவம் ஏற்றினாலும் எழும்பாது, உரித்தெடுக்க வரவேண்டியவர் ஒப்பரேசனுக்குப் போய்விடுவார். நல்ல படம் நாலு எடுத்து, எந்த இடம், எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதி அனுப்பினால் அவர்களே பார்த்து முடிவு சொல்வார்களாம். எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. படத்தை அனுப்ப ஒரு வழி, அனுப்பினால் பதில் சொல்ல ஒரு ஆள், அதுதான் இல்லை. கிளினிக் கொப்பியில் இரண்டு வரி எழுதி ஆளின் கையில் கொடுத்துவிடுகிறோம், மழைக்கு நனைந்த கொப்பியை அங்கே பிரித்து வாசிப்பது நான்தான்.

பின்னால் நடப்பது இன்னும் மோசம், ஏனென்றால் எல்லாருக்கும் அது முடிந்துவிட்டது என்ற நினைப்பு. எடுத்த சதையை பழுதாகாமல் வைக்கிற போமலின் திரவத்தில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள், ஒரே துண்டாக உரித்தது என்றால் விரித்து ஊசி குத்தி அனுப்புகிறார்கள். ஓரம் சுத்தமா, எவ்வளவு ஆழம், இரத்தக் குழாய்க்குள் போயிருக்கிறதா என்பதெல்லாம் அந்த ரிப்போர்ட்டில்தான் வரும். அது வரக் கிழமைக்கணக்கில் எடுக்கும். ஆள் அதற்குள் ஊருக்கு வந்து, நெல்லு வெட்டுக்குப் போய்விடுவார். சிலருக்கு அந்த ரிப்போர்ட்டில் ஒப்பரேசன் கட்டாயம் என்று எழுதியிருக்கும், அதை வாங்கவே யாரும் போயிருக்க மாட்டார்கள். பெரிய படர்ந்த பொலிப்பைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் ஆறு மாதத்தில் திரும்பக் கமரா விட்டே ஆகவேண்டும், அந்த இடத்தில் திரும்ப முளைக்கக்கூடும். ஒரு சென்ரிமீற்றர் அளவு என்றால் மூன்று வருடம், ஒன்றிரண்டு சின்னது மட்டும் என்றால் ஏழு வருடத்துக்கு மேலும் விடலாம் என்று சொல்லப்படுகிறது. ஏழு வருடம் கழித்து வா என்றால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? சின்னப்பிள்ளைக்குத் தடுப்பூசி ஒரு கிழமை பிந்தினால் மருத்துவமாது படலையில் வந்து நிற்கிறார். காசநோய்க்காரர் மருந்தெடுக்க வராவிட்டால் தேடி ஆள் வருகிறது. பொலிப் எடுத்தவரின் பெயரும் திரும்ப வரவேண்டிய மாதமும் ஒரு கொப்பியில் எழுதி எம்.ஓ.எச். பணிமனையில் இருந்தால் போதும், மென்பொருள், டெண்டர் என்று இதைப் பெரிதாக்கி இழுக்கவேண்டாம். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், எம்.ஓ.எச். மாகாணத்தின் கீழ், ஆகவே யாருடைய கொப்பி என்ற சண்டை வரும் என்று எனக்கும் தெரியும். நோயாளிக்கு அது தெரியாது.

எடுத்த இடத்தில் இருந்து இரண்டு கிழமை வரைக்கும் இரத்தம் வரக்கூடும். அப்படி வந்தால் ஆள் ஓடுவது பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக்குத்தான், அங்கே இருக்கிறவருக்கு இவர் என்ன செய்துகொண்டு வந்தார் என்று தெரியாவிட்டால் மூலத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார். என்ன எடுத்தது, எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது, இரத்தமோ கடும் வயிற்றுவலியோ காய்ச்சலோ வந்தால் எங்கே அனுப்புவது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதின ஒரு அட்டை சட்டைப்பைக்குள் இருக்கட்டும்.

காசு பற்றிக் கேட்பீர்கள். எங்கள் கோயில் சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கத் தயங்குவதில்லை, ஆனால் எல்லாருக்கும் பெயர் பொறித்த பலகை மாட்டக்கூடிய பெரிய இயந்திரம்தான் கொடுக்க ஆசை. சுருக்குக் கம்பி, ஏற்றும் ஊசி, இரத்தக் குழாயைப் பிடிக்கும் கிளிப், இதெல்லாம் பொதுவாக ஒரு தடவை பாவித்து எறிகிற சாமான், பலகை மாட்ட இடமில்லை. 2022 நெருக்கடியில் நூலும் கையுறையும் வெளியில் வாங்கி வரச் சொன்ன காலத்தை நாங்கள் மறக்கவில்லை. மாதத்துக்கு எது எத்தனை தேவை என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள், மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

சாப்பாட்டுத் தாளையும் சட்டைப்பை அட்டையையும் நானே எழுதித் தருகிறேன், தட்டச்சு செய்ய ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள், உங்கள் நிபுணர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்து வைத்தால் பொத்துவிலில் இருந்து வாகரை வரைக்கும் அச்சடித்துக் கொடுக்கவும் ஆள் பிடிக்கலாம். கொழும்புக்குப் போகவேண்டிய அந்தக் கடிதம் மட்டும் உங்கள் கடிதத் தலைப்பில்தான் போகவேண்டும், அதை நான் எழுத முடியாது.